மேஜிக் த கேதரிங் கதையுலகம்: மொரீஷியஸ் தமிழ் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த மேஜிக் த கேதரிங் என்ற சீட்டாட்டத்தை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்டது. அன்று முதல் செட் செட்டாக, அதாவது தொகுப்புத் தொகுப்பாக, கார்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. கூடவே கதையும் வளர்ந்து, இன்று புதிதாக வருபவர் மலைத்து நிற்கும் அளவுக்கு ஆகிவிட்டது. ஆடத் தெரிந்தும் கதை பிடிபடாதவர்கள், பிள்ளைகள் பேசுவது புரியாத பெற்றோர், கையில் நாலு கார்டு கிடைத்து யார் இவர்கள் என்று கேட்பவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம்.

சீட்டு என்கிறீர்களே, இது சூதாட்டமா?

இல்லை. பணயம் வைத்து ஆடும் ஆட்டம் அல்ல இது. ஒவ்வொருவரும் தாமே சேர்த்த கார்டுகளால் ஒரு டெக் கட்டிக்கொண்டு எதிராளியுடன் மோதுகிறார்கள், அவ்வளவுதான். காசு கரையும் இடம் வேறு: உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூடிய பாக்கெட்டுகளை வாங்கிக் குவிப்பது. கதைக்காக வருபவர் அதைத் தொடவே வேண்டாம். வேண்டிய கார்டை ஒற்றையாக வாங்கலாம். காமன் என்ற எளிதில் கிடைக்கும் வகைக் கார்டுகளின் விலை மிகக் குறைவு, கதை அவற்றிலும் உண்டு.

கதை தெரியாமல் ஆட முடியாதா? ஆடத் தெரியாமல் கதை படிக்க முடியாதா?

இரண்டும் முடியும். ஆனால் ஆட்டம் கொஞ்சமாவது தெரிந்திருந்தால் கதையில் பாதி தானாகவே விளங்கும். இந்தக் கதையின் பெரும்பகுதி புத்தகத்தில் இல்லை, கார்டில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு கார்டு என்ன செய்கிறது என்பதும் கதைதான். அதற்கு உதாரணம் கீழே வருகிறது.

எங்கே தொடங்குவது? 1993 முதல் வரிசையாகப் படிக்க வேண்டுமா?

வேண்டாம். இந்தத் தவறைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். ஆர்வத்தோடு முதல் செட்டுக்குப் போவார்கள். அங்கே தொடர்கதை என்று எதுவும் கிடையாது, வெறும் பெயர்கள்தான். செரா ஏஞ்சல், ஷிவன் டிராகன், லானோவார் எல்வ்ஸ், பெனாலிஷ் ஹீரோ என்று காதுக்கு நன்றாக இருக்கும் பெயர்களைத் தூவிவிட்டார்கள். ஷிவ், லானோவார், பெனாலியா என்பவை ஒரே உலகத்தின் ஊர்கள், செரா என்பவள் தனக்கென்று ஓர் உலகத்தையே படைத்தவள் என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் விதையிலிருந்து வளர்த்த மரங்கள். முதல் செட்டில் அவற்றைத் தேடினால் கிடைக்காது.

தீமிதிக்கு முந்தைய நாட்களில் கோயிலில் பாரதக் கதை கேட்பவர்கள் ஆதிபருவத்திலிருந்து வரிசையாகக் கேட்டுவிட்டா வந்து உட்காருகிறார்கள்? துகிலுரிதலில் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போகிறார்கள். இங்கும் அதே வழிதான்:

1. உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு கார்டை எடுங்கள். பெயருள்ள ஆள் இருக்கும் கார்டாக இருந்தால் நல்லது. நடுவில் உள்ள வகை வரியில் "லெஜண்டரி" என்ற சொல் இருந்தால் அது உலகில் ஒருவரே உள்ள பாத்திரம் அல்லது ஒன்றே உள்ள பொருள்.

2. அது எந்த செட்டில் முதன்முதலில் வந்தது என்று பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்பது அடுத்த பதிலில்.

3. அந்த செட்டின் கதையை மட்டும் படியுங்கள். 2014க்குப் பிறகு வந்த பெரும்பாலான செட்டுகளுக்கு விசார்ட்ஸ் தளத்திலேயே கதை அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகக் கிடைக்கிறது.

4. அதில் புரியாமல் நின்ற பெயர் ஒன்றை மட்டும் எடுத்து அடுத்த செட்டுக்குப் போங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பெயரைத் துரத்தினால் ஒன்றும் மிஞ்சாது.

கார்டில் கதை எங்கே ஒளிந்திருக்கிறது?

நம் ரூபாய் நோட்டில் தமிழ் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்த கண் இதற்கும் போதும். கார்டை வெளிச்சத்தில் பிடித்து இடது கீழ் மூலையைப் பாருங்கள். 2014இல் வந்த எம்15 செட்டிலிருந்து அங்கே பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் கார்டின் எண்ணும், கார்டு எவ்வளவு அரிது என்பதை (காமன், அன்காமன், ரேர், மித்திக்) குறிக்கும் ஓர் எழுத்தும். கீழ் வரியில் செட்டின் மூன்றெழுத்துக் குறியீடு, மொழிக் குறியீடு, ஓவியரின் பெயர். அந்த மூன்றெழுத்துத்தான் சாவி. ஸ்க்ரைஃபால் என்ற தேடல் தளத்தில் கார்டின் பெயரை இட்டால் அது வந்த எல்லாப் பதிப்பும் வரிசையாக வரும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் கையில் உள்ளது மறுபதிப்பாக இருக்கலாம். லானோவார் எல்வ்ஸ் எத்தனையோ செட்டில் மறுபடி மறுபடி அச்சானது. கையில் உள்ள பதிப்பின் செட்டை வைத்துக் கதை தேடினால் சம்பந்தமே இல்லாத இடத்துக்குப் போய் நிற்பீர்கள். பதிப்புப் பட்டியலில் மிகப் பழைய ஆண்டு எதுவோ அதுதான் கார்டின் பிறந்த வீடு.

2014க்கு முந்தைய கார்டுகளில் மூன்றெழுத்து இல்லை. படத்துக்குக் கீழே வலது பக்கம் உள்ள சிறிய சின்னத்தைப் பார்க்க வேண்டும்: வளைந்த வாள் என்றால் 1993இன் அரேபியன் நைட்ஸ், பட்டறைக்கல் என்றால் 1994இன் ஆன்டிக்விட்டீஸ். சின்னமே இல்லை என்றால் ஆரம்ப கால அடிப்படை செட் ஒன்றாக இருக்கலாம். சின்னத்தின் நிறம் அரிய கார்டா என்பதைச் சொல்லும்: கறுப்பு, வெள்ளி, பொன். 1998இல் எக்ஸோடஸ் செட்டில் தொடங்கிய வழக்கம் இது. செம்மஞ்சள் நிற மித்திக் 2008இல்தான் சேர்ந்தது.

அடுத்தது கட்டத்துக்குள் சாய்வெழுத்தில் வரும் வரி. ஆடுபவர்கள் ஃபிளேவர் டெக்ஸ்ட் என்பார்கள். ஆட்டத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, கதைக்கு அதுதான் உயிர். யாரோ ஒருவர் சொன்னதாக மேற்கோளாக இருக்கும், கீழே அவர் பெயர் இருக்கும். ஒரே ஆளின் மேற்கோள்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் அவருடைய குணம் கண்முன் நிற்கும். ஸ்க்ரைஃபாலில் இதற்குக் குறுக்குவழி உண்டு: ft என்ற இரண்டு ஆங்கில எழுத்து, இடைவெளி விடாமல் ஒரு முக்காற்புள்ளி, பிறகு பெயர். கீழே கதை வரப்போகும் மிஷ்ராவை ft:mishra என்று இட்டுப் பாருங்கள். அவனைப் பற்றி மற்றவர்கள் பேசியதும் அவனே பேசியதும் வரிசையாக வந்து விழும். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் தேடல் சரியாக வராது.

2016இல் கலதேஷ் செட்டில் இன்னொரு வசதி வந்தது. கதையின் முக்கியத் திருப்பங்களைக் காட்டும் சில கார்டுகளில் மங்கலாக ஐந்து கிளை உள்ள பிளேன்ஸ்வாக்கர் சின்னத்தைப் போட்டு, கதைப் பக்கத்தின் முகவரியையும் அச்சிட்டார்கள். அவற்றை மட்டும் பொறுக்கி வரிசையாக வைத்தாலே கதையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

என்னிடம் இருப்பது பிரெஞ்சுக் கார்டு. பெயரே வேறாக இருக்கிறதே?

மொழிபெயர்ப்பில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் பெரும்பாலும் மாறாது, மற்றதெல்லாம் மாறும். ஆங்கிலத்தில் செரா ஏஞ்சல், பிரெஞ்சில் ஆன்ஜ் டெ செரா. லைட்னிங் போல்ட் என்பது வெறும் ஃபூத்ர் ஆகிவிடும். கதைக் கட்டுரைகள் ஆங்கிலப் பெயரையே பேசுவதால் முதலில் ஆங்கிலப் பெயரைப் பிடிக்க வேண்டும். பெயரை மொழிபெயர்த்துத் தேடாதீர்கள், தவறும். மூன்றெழுத்துக் குறியீட்டையும் கார்டு எண்ணையும் வைத்துத் தேடுங்கள். ஒரே செட்டின் ஆங்கில, பிரெஞ்சுப் பதிப்புகளுக்கு எண் ஒன்றுதான்.

உலகம், பிளேன்ஸ்வாக்கர், ஸ்பார்க் என்கிறார்களே, என்ன அது?

இந்தக் கதையில் உலகம் ஒன்றல்ல, எண்ணற்றவை. ஒவ்வொன்றையும் பிளேன் என்பார்கள். டொமினேரியா, ராவ்னிகா, இன்னிஸ்ட்ராட், ஸெண்டிகார் எல்லாம் தனித்தனிப் பிளேன்கள். அவற்றுக்கு நடுவே உள்ளது பிளைண்ட் எடர்னிட்டீஸ் என்ற உருவமற்ற வெளி. சாதாரண உயிர் அதில் பிழைக்காது. கோடியில் ஒருவருக்குப் பிறவியிலேயே ஸ்பார்க் என்ற பொறி உள்ளே இருக்கும். சாவு விளிம்பு போன்ற பெரும் அதிர்ச்சியில் அது பற்றிக்கொண்டால் அவர் உலகம் விட்டு உலகம் நடக்கும் பிளேன்ஸ்வாக்கர்.

இங்கே இரண்டு தேதியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது 2007இன் ஃபியூச்சர் சைட் செட். அதில் மென்டிங் என்ற நிகழ்ச்சி நடக்கிறது. அதற்கு முன் பிளேன்ஸ்வாக்கர்கள் மூப்பில்லாதவர்கள், கிட்டத்தட்டத் தெய்வங்கள். கீழே கதை வரும் உர்சா ஆயிரக்கணக்கான ஆண்டு வாழ்ந்தான். மென்டிங்குக்குப் பின் அவர்களும் மூப்படைவார்கள், அடிபட்டால் சாவார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த லோர்வின் செட்டில்தான் பிளேன்ஸ்வாக்கர் என்ற கார்டு வகையே முதன்முதலாக வந்தது: அஜானி, ஜேஸ், லிலியானா, சாண்ட்ரா, கேருக் என ஐவர். தெய்வத்தைக் கார்டில் அடைக்க முடியாது என்பதால்தான் முதலில் மனிதராக்கினார்கள்.

இரண்டாவது 2023இன் மார்ச் ஆஃப் த மெஷின். அதில் நடக்கும் பெரும் போருக்குப் பின் பெரும்பாலான பிளேன்ஸ்வாக்கர்கள் பொறியை இழந்தார்கள். மாற்றாக ஓமன்பாத் என்ற வழிகள் உலகங்களுக்கிடையே திறந்தன, யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். ஆகவே 2010ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைய செட்டைப் பார்த்தால் "இவன் எப்படி இங்கே வந்தான்?" என்ற கேள்வி எழுவது இயல்பு.

ஐந்து நிறத்துக்கும் கதைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் நல்லவன் கெட்டவன் கணக்கு அல்ல. வெள்ளை ஒழுங்கையும் கூட்டத்தையும் நாடும், நீலம் அறிவை, கறுப்பு தன் நலனை, சிவப்பு உணர்ச்சியை, பச்சை இயற்கையை. வெள்ளை நிறத்தில் கொடுங்கோலனும் உண்டு. கறுப்பு என்றால் வில்லன் என்று முடிவு கட்டிப் படித்தால் லிலியானாவின் கதை புரியாது.

எல்லாரும் சொல்லும் அந்த உர்சா, மிஷ்ரா கதை என்ன?

பங்காளிச் சண்டை. ஒரு வரியில் சொன்னால் அதுதான். ஆட்டத்தின் முதல் உண்மையான கதை இது, 1994இன் ஆன்டிக்விட்டீஸ் செட்டின் கார்டுகளில் சிதறலாக வந்தது. டொமினேரியாவின் ஆண்டுக்கணக்கே இந்த அண்ணன் தம்பியின் பிறப்பிலிருந்து எண்ணப்படுகிறது. ஆண்டு 0இன் முதல் நாளில் உர்சா, கடைசி நாளில் மிஷ்ரா. மிஷ்ரா என்ற பெயரைப் பார்த்து வடநாட்டுக்காரர் என்று யாரும் எண்ண வேண்டாம், கதைக்கும் இந்தியாவுக்கும் ஒட்டுமில்லை.

சிறுவர்களாக இருவரும் டோகாசியா என்ற ஆய்வாளரிடம் வளர்கிறார்கள். பாலைவனத்தில் புதைந்த பழைய இயந்திரங்களைத் தோண்டி எடுப்பது அவள் வேலை. கோய்லோஸ் குகையில் இருவரும் ஒரு மந்திரக் கல்லைக் கண்டெடுக்கிறார்கள். அது இரண்டாக உடைகிறது. உர்சா கையில் மைட்ஸ்டோன், மிஷ்ரா கையில் வீக்ஸ்டோன். ஒன்று பலம் கூட்டும், ஒன்று பலம் குறைக்கும். மற்றவன் கையில் உள்ள பாதியும் தனக்கே வேண்டும் என்ற ஆசையில் சண்டை மூள்கிறது. வயது ஏற ஏற உர்சா குரூக் நகரத்து இளவரசி கைலாவை மணந்து அரசுக்கு இயந்திரம் செய்கிறான், மிஷ்ரா பாலைவனத்து ஃபல்லாஜி மக்களின் தலைவனாகிறான். இருவருக்கும் உதவியாளர்கள்: உர்சாவுக்கு டானோஸ், மிஷ்ராவுக்கு ஆஷ்னாட். இயந்திரம் செய்ய உலோகம், மரம், நிலம் என்று இரண்டு பேரும் கண்டத்தையே உரித்துத் தின்கிறார்கள்.

கடைசிப் போர் ஆர்கோத் தீவில். அங்கே தம்பியின் தோலுக்கு அடியில் இயந்திரம் இருப்பதை உர்சா காண்கிறான். ஃபைரெக்சியா என்ற இயந்திர நரகம் அவனை உள்ளிருந்து தின்றுவிட்டிருந்தது. உர்சா கோல்கோதியன் சைலெக்ஸ் என்ற கிண்ணத்தை வெடிக்க வைக்கிறான். தீவு போயிற்று, தட்பவெப்பம் கெட்டுப் பனியுகம் வந்தது. 1995இன் ஐஸ் ஏஜ் செட் அந்தப் பனியில்தான் நடக்கிறது. அதே வெடிப்பில் உர்சாவின் பொறி பற்றிக்கொள்கிறது, இரண்டு கல்லும் அவனுக்குக் கண்களாகின்றன.

இதை 2022இல் த பிரதர்ஸ் வார் செட்டில் மறுபடி சொன்னார்கள். அதிலுள்ள இரண்டு கார்டுகளை அருகே வைத்துப் பாருங்கள். "உர்சா, லார்ட் ப்ரொடெக்டர்" என்ற கார்டும் "த மைட்ஸ்டோன் அண்ட் வீக்ஸ்டோன்" என்ற கார்டும் உங்கள் பக்கம் இருந்து, ஏழு மானா (நிலக் கார்டுகள் தரும் மந்திர ஆற்றல்) கொடுத்தால், இரண்டும் திரும்பி ஒட்டி ஒரே பெரிய கார்டாகும்: "உர்சா, பிளேன்ஸ்வாக்கர்". மனிதனும் கல்லும் சேர்ந்து பிளேன்ஸ்வாக்கர் ஆன கதை அப்படியே விதியில் இருக்கிறது. மிஷ்ராவுக்கும் இப்படி ஒன்று உண்டு, ஆனால் அவனுக்கு மானா கட்டணம் கிடையாது. அவனும் ஃபைரெக்சியன் டிராகன் எஞ்சினும் ஒன்றாகத் தாக்கப் புறப்பட்டால் அந்த நொடியே ஒட்டிவிடும். அண்ணன் உட்கார்ந்து கணக்குப் பார்த்து மாறுகிறான், தம்பி போர் வெறியில் தன்னை இழக்கிறான். இந்த வித்தியாசத்துக்குச் சாய்வெழுத்து வரி எதுவும் தேவைப்படவில்லை.

நடைமுறைக் குறிப்பு ஒன்று: இந்த ஜோடிகளில் ஒன்றை மட்டும் வாங்கி ஏமாறுபவர் உண்டு. இரண்டும் வேண்டும். பின்புறம் அரைப் படம் இருப்பதால் உறையிலிருந்து எடுத்துத்தான் திருப்ப முடியும். உறையின் பின்பக்கம் ஒளிபுகாததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எதிராளிக்கு உங்கள் கையில் இருப்பது தெரிந்துவிடும்.

ஃபைரெக்சியாவை எத்தனை தடவைதான் அழிப்பார்கள்?

இரண்டு தடவை, இதுவரை. முதல் ஃபைரெக்சியாவின் அதிபதி யாக்மாத், பண்டைய த்ரான் நாகரிகத்தின் வைத்தியன். சதையைவிட உலோகம் மேல் என்பது அவன் மதம். வெதர்லைட் என்ற பறக்கும் கப்பலும் அதன் மாலுமிகளும் அவனை எதிர்க்கும் நெடுங்கதை 1997 முதல் 2001 வரை செட் செட்டாக ஓடியது. டொமினேரியாக் கணக்கில் 4205ஆம் ஆண்டு படையெடுப்பு நடக்கிறது. 2001இன் அபோகலிப்ஸ் செட்டில் உர்சாவும் வெதர்லைட்டின் தலைவன் ஜெரார்டும் உயிரைக் கொடுத்து யாக்மாத்தை முடிக்கிறார்கள்.

ஆனால் ஒரு சொட்டு மிஞ்சியது. உர்சா செய்த கார்ன் என்ற வெள்ளி மனிதன் நினைவிருக்கட்டும். காலப் பயணத்தைத் தாங்கும் உலோகம் வெள்ளி மட்டுமே என்பதால் அவனை வெள்ளியில் செய்தார்கள். அவனுள் இருந்த இதயக்கல் ஃபைரெக்சியாவிலிருந்து வந்தது. அவன் பிளேன்ஸ்வாக்கராகி முழுக்க உலோகத்தாலான ஓர் உலகத்தைப் படைத்தபோது, உயிர்களை இயந்திரமாக்கும் ஃபைரெக்சிய எண்ணெயும் கூடவே போயிற்று. அதுதான் 2003இன் மிர்ரோடின். 2011இல் அதே உலகம் நியூ ஃபைரெக்சியா ஆகிவிட்டது. அந்த வசந்தத்தில் வரவிருந்த செட்டின் பெயரையே ஒளித்து வைத்து, மிர்ரோடின் வென்றதா ஃபைரெக்சியா வென்றதா என்று ஆடுபவர்களைக் காக்க வைத்தார்கள். வில்லன் வென்றான். பிறகு எலெஷ் நோர்ன் தலைமையில் எல்லா உலகத்தின் மீதும் படையெடுத்ததும், அவள் வீழ்ந்ததும் 2022, 2023 செட்டுகளில் வருகின்றன: டொமினேரியா யுனைட்டட், த பிரதர்ஸ் வார், ஃபைரெக்சியா ஆல் வில் பி ஒன், மார்ச் ஆஃப் த மெஷின். இந்த நான்கையும் இந்த வரிசையிலேயே படியுங்கள். நடுவில் நுழைந்தால் தலையும் புரியாது வாலும் புரியாது.

நிக்கோல் போலாஸ் என்ற டிராகனின் கதைக்கு எந்த வரிசை?

2015 முதல் 2019 வரை. மேஜிக் ஆரிஜின்ஸில் ஐந்து பேரின் முன்கதை. பேட்டில் ஃபார் ஸெண்டிகார், ஓத் ஆஃப் த கேட்வாட்ச் செட்டுகளில் எல்ட்ராசி என்ற வெளி உயிரிகளை எதிர்க்க கிடியன், ஜேஸ், சாண்ட்ரா, நிஸ்ஸா சேர்ந்து கேட்வாட்ச் என்ற அணியாகிறார்கள். பிறகு இன்னிஸ்ட்ராட், கலதேஷ், அமோன்கெட், இக்ஸலான், டொமினேரியா, ராவ்னிகா. 2019 மே மாதத்து வார் ஆஃப் த ஸ்பார்க்கில் போலாஸ் என்ற மூத்த டிராகனுடன் முடிவுப் போர். கிடியன் யார் என்று தெரிந்து படித்தவர்களுக்கு அந்த முடிவு தொண்டையை அடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. 2019, 2020இல் இலவசக் கதை இடைவெளி விட்டது. வார் ஆஃப் த ஸ்பார்க் கதை விலைக்குப் புத்தகமாக வந்தது. 2020 ஜனவரியின் தீரோஸ் பியாண்ட் டெத்துக்கு முழுக் கதை வெளிவரவேயில்லை, சுருக்கம்தான். அந்த இடத்தில் நீங்கள் எதையோ தவறவிட்டதாக நினைத்துத் தேடி அலைய வேண்டாம். அதே ஆண்டு ஸெண்டிகார் ரைசிங்கிலிருந்து இலவச அத்தியாயங்கள் திரும்பின.

கலதேஷ் இந்தியாவா?

இந்தியச் சாயலில் கட்டிய கற்பனை உலகம். சாண்ட்ரா நாலார் பிறந்த ஊர் அது, அப்பா கிரண், அம்மா பியா. சஹீலி ராய், ரஷ்மி என்று காதுக்குப் பழகிய பெயர்கள் வரும். அப்பாவின் பெயரில் ஹார்ட் ஆஃப் கிரண் என்ற வாகனக் கார்டே உண்டு. பித்தளைச் சுருள்வேலை, கண்காட்சி, கண்டுபிடிப்பாளர்கள், அவர்களை அடக்கும் கான்சுலேட் அரசு என்று கதை போகும். அரசு கவிழ்ந்த பின் உலகத்தின் பெயரே மாறி, 2025இன் ஈத்தர்ட்ரிஃப்ட் செட்டில் ஆவிஷ்கார் என்று வருகிறது. பழைய பெயரில் தேடினால் பாதிதான் கிடைக்கும். பெயர் வைத்தவர்கள் அகராதியைக் கொஞ்சம் அவசரமாகப் புரட்டியிருக்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம்: பண்டங்களைப் பங்கிடும் அதிகாரிக்கு கம்பல் என்று பெயர், இந்தியில் அது போர்வை.

சாகா கார்டு என்றால் என்ன?

2018இன் டொமினேரியா செட்டில் வந்த வகை. படம் வலப்பக்கம் நெட்டாக இருக்கும், இடப்பக்கம் ரோம எண்ணில் அத்தியாயங்கள். ஒவ்வொரு முறை உங்கள் ஆட்டம் வரும்போதும் ஓர் அத்தியாயம் நடக்கும், கடைசி அத்தியாயம் முடிந்ததும் கார்டு போய்விடும். ஃபால் ஆஃப் த த்ரான் என்ற கார்டைப் பாருங்கள். முதல் அத்தியாயம்: களத்தில் உள்ள எல்லா நிலமும் அழியும். இரண்டிலும் மூன்றிலும்: ஒவ்வொருவரும் குப்பையிலிருந்து இரண்டு நிலத்தைத் திரும்ப எடுப்பார்கள். ஒரு நாகரிகம் ஒரே அடியில் வீழ்ந்து, மிஞ்சியவர்கள் கையளவு கையளவாக மீண்ட கதை மேசை மேல் நடந்து முடிந்துவிடுகிறது. கதைக்காகக் கார்டு சேர்ப்பவர்கள் சாகாவில் தொடங்கினால் காசுக்கு மோசமில்லை.

பழைய கார்டில் ஆங்கிலக் கவிதை வரி இருக்கிறதே? அலாவுதீன் எப்படி வந்தான்?

ஆரம்பத்தில் சொந்தக் கதை இல்லாததால் கடன் வாங்கினார்கள். ஸ்கேத் ஸாம்பீஸ் கார்டில் கோல்ரிட்ஜின் வரி, பேர்ல்ட் யூனிகார்னில் லூயிஸ் கேரலின் வரி. அரேபியன் நைட்ஸ் செட் முழுவதுமே ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து எடுத்தது. அதில் ஷாரசாத் என்ற கார்டு ஆட்டத்தின் நடுவே இன்னோர் ஆட்டத்தைத் தொடங்க வைக்கும், கதைக்குள் கதை சொன்னவள் அல்லவா! போட்டிகளில் அதற்குத் தடை. நேரம் போதாது.

இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தால் எதை நம்புவது?

பின்னால் வந்ததை. 1990களின் நடுப்பகுதியில் வேறு பதிப்பகங்கள் வெளியிட்ட நாவல்களும் படக்கதைகளும் பிற்காலக் கதையோடு பல இடத்தில் ஒத்துப்போகாது. பழைய கட்டுரையைப் படிக்கும்போது அது எழுதிய ஆண்டை முதலில் பாருங்கள்.

ஸ்பைடர்மேனும் ஃபைனல் ஃபேன்டசியும் இந்தக் கதையில் உண்டா?

இல்லை. அவை யூனிவர்சஸ் பியாண்ட் என்ற வரிசை, வெளியிலிருந்து வந்த விருந்தாளிகள். ரேர் கார்டின் அடியில் உள்ள பளபளப்பு முத்திரை பெரும்பாலும் முக்கோணமாக இருக்கும். ஆடலாம், கதை தேட வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஏற்றதா? பேய்ப் படமெல்லாம் இருக்கிறதே?

பாக்கெட்டில் 13 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். எல்லா செட்டும் ஒரே மாதிரி இல்லை. இன்னிஸ்ட்ராட், டஸ்க்மோர்ன், ஃபைரெக்சியா சம்பந்தப்பட்டவை பயங்கரம். 2024இன் ப்ளூம்பரோவில் மனிதர்களே கிடையாது, எலியும் முயலும் தவளையும்தான். சின்னவர்களுக்கு அங்கிருந்து தொடங்குங்கள்.

கதையை வைத்தே ஒரு டெக் கட்ட ஆசை. எப்படி?

கமாண்டர் என்ற ஆட்ட வகை இதற்குப் பொருத்தம். ஒரு லெஜண்டரி தலைவர், அவரோடு சேர்த்து 100 கார்டு, அடிப்படை நிலம் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது. கதைப்பிரியர்கள் செய்யும் பிழை, பிடித்த பாத்திரங்களை எல்லாம் திணித்து நிலத்தைக் குறைப்பது. மூன்றாம் சுற்றிலேயே மானா இல்லாமல் கையைக் கட்டி உட்கார வேண்டி வரும். நிலம் 36 முதல் 38, மானா கூட்டும் கார்டு 10, கார்டு எடுக்க வைப்பவை 10, எதிராளியின் கார்டை அகற்றுபவை 8 முதல் 10. இதற்குப் பின் மிஞ்சும் முப்பது சொச்சம்தான் கதைக்கு. உர்சா டெக் என்றால் அவன் கதையைச் சேர்ந்த, அவன் நிறங்களுக்குள் அடங்கும் கார்டுகள் அந்த முப்பதுக்குள் வரட்டும். மானா கூட்டும் பத்தையும் பிரதர்ஸ் வார் காலத்து பவர்ஸ்டோன் கார்டுகளாகத் தேர்ந்தால் கதையும் கெடாது, டெக்கும் ஓடும். ஒரு விஷயம் கவனம்: பவர்ஸ்டோன் தரும் மானாவால் இயந்திரமல்லாத மந்திரத்தை விட முடியாது.

தமிழில் சொல்லும்போது பெயர்களை என்ன செய்வது?

ஆள் பெயரையும் ஊர்ப் பெயரையும் அப்படியே விடுங்கள். யாக்மாத், தெஃபேரி, ஃபைரெக்சியா. பொதுச் சொல்லைத் தமிழாக்கலாம்: ஸ்பார்க் என்பதைப் பொறி என்றால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. ஆனால் கார்டில் அச்சான விதிச் சொற்களைத் தமிழாக்கினால் மேசையில் தகராறு வரும். ஃபிளையிங், விஜிலன்ஸ், டேப் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

பளபளக்கும் கார்டுகள் வளைந்துவிடுகின்றன. கெட்டுப்போனதா?

கெடவில்லை, ஈரம்தான் காரணம். ஃபாயில் கார்டின் காகிதப் பக்கம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து விரியும், பளபளப்புப் படலம் விரியாது. அதனால் முகப்பக்கம் உள்வாங்கிக் குழியும். கியூர்பிப் குளிரிலும் புயல் மாதங்களிலும் இது தவிர்க்க முடியாதது. உறை போட்டு, இறுக மூடும் பெட்டியில் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சில நாள் வையுங்கள், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்ததும் ஒரு பொட்டலத்தை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அளவுக்கு மீறிக் காய்ந்தால் எதிர்ப்பக்கம் வளையும். இஸ்திரிப் பெட்டி, வெயில், கனமான புத்தகம் எதுவும் வேண்டாம்.